நேராக ஓடிய படச்சுருள்

அன்று பிற்பகல் டப்பிங் அரங்கில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலில் பெரியவர், ஒரு காலத்தில் பெயர்பெற்ற ராக் குழுவின் பாடகர், அன்று மாலை பாராட்டு விழாவுக்குப் போகவேண்டியவர். அடுத்து அவருடைய தங்கை உதட்டம்மா. மூன்றாவது, செத்துப்போன அவர்கள் தம்பி, அதே குழுவில் டிரம்ஸ் வாசித்த இடியின் மனைவி. நான்காவது இடியின் மகள்; பேருந்து ஓட்டுநர், வேலை முடிந்து சீருடையோடு நேராக வந்திருந்தாள். ஐந்தாவது ஆள் குடும்பத்தைச் சேர்ந்தவனல்ல. பழைய பாட்டு வீடியோக்களைப் பற்றி அரிய சங்கதிகள் சேர்த்து வாரந்தோறும் இணையத்தில் சொல்கிற இளைஞன். துணுக்கு என்றே அவனை எல்லாரும் கூப்பிட்டார்கள்.

வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாக இன்று கதை சொல்லித் திரிகிறவர்கள் அந்தப் படியைக்கூட மிதித்தவர்கள் அல்ல.

மூடிப்போன ஒரு பிலிம் லேபின் கழிவுச் சாமான்களுக்குள்ளிருந்து பெரியவர் குழுவின் பாட்டுப் படச்சுருள் இருந்த தகர டப்பா ஒன்றைத் துணுக்கு கண்டெடுத்ததும், "எங்க குடும்பத்தைக் கிளறி நீ பேர் வாங்கணுமா?" என்று உதட்டம்மா போனில் அவனைப் பிய்த்து எடுத்ததும் சென்ற வாரச் சங்கதி. "டப்பாவுல இருக்கறத முழுசாப் போட்டுக் காட்டுங்க. இல்லாட்டி விழாப் பக்கமே தலைவைக்க மாட்டேன்" என்று இடியின் மகள் பிடிவாதமாக நின்றதால்தான் இந்தக் கூட்டமே கூடியது.

உதட்டம்மாவுக்கு அந்தப் பெயர் தொழிலால் வந்தது. வேற்று மொழிக்காரர் ஒருவர் திரையில் வாயசைப்பார். அந்த அசைவுக்குள் நம் வசனத்தைக் கொண்டுபோய் உட்கார வைக்கவேண்டும். மகரம் வருகிற இடத்தில் திரையில் உதடு மூடவில்லையென்றால் அவளுக்குப் பல் கூசும். சத்தமே இல்லாத படத்தைப் பார்த்து, யார் என்ன பேசுகிறார் என்று சொல்லிவிடுவாள். அரங்கத்தில் இருக்கிறவர்கள் அவள் எதிரே தங்களுக்குள் முணுமுணுக்கக்கூடப் பயப்படுவார்கள்.

"விழா ஆறு மணிக்கு. சீக்கிரம் போடுப்பா" என்றார் பெரியவர். புதிதாகத் தைத்த கோட்டு. முதுகை நாற்காலியில் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் யாருமே சாய்ந்து உட்கார்ந்து பழகியதில்லை.

துணுக்குக்குக் கைதான் வேலை செய்தது. வாய் அதன்பாட்டுக்கு ஓடியது. "சார், அந்தக் காலத்து வீடியோன்னாலே கிறுக்குத்தனம்தான் சார். ஒரு குழு லிஃப்டுக்குள்ள டிரம்ஸ வச்சு எடுத்தாங்க. பாதிப் பாட்டுல லிஃப்ட் நெஜமாவே நின்னுபோச்சு. தீயணைப்புக்காரங்க வந்து கதவை நெம்புறாங்க பாருங்க, அதுதான் கிளைமாக்ஸ். இன்னொருத்தர் நெஜ மீன் தலையை மாட்டிக்கிட்டு கிடார் வாசிச்சாரு. ஷூட்டிங் முடிஞ்சும் தெருப்பூனை எல்லாம் அவர் வீட்டைவிட்டுப் போகல."

"இதெல்லாம் பஸ் டிக்கெட்டுக்குப் பின்னாடி அச்சடிக்கலாம்" என்றாள் இடியின் மகள். "சில்லறை இல்லேன்னா ஒரு துணுக்கு வாங்கிக்கங்கன்னு குடுத்துடுவேன்."

அவள் அம்மா சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்து, அதன் பிடியை இரண்டு கையாலும் பற்றியிருந்தாள். இடி இறந்தபோது அவள் வயிற்றில் இந்தப் பெண். சொல்லாமல் கொள்ளாமல் ஆற்றில் குதித்து, தன்னையும் பிள்ளையையும் நடுத்தெருவில் விட்டுப் போனவன் என்பதுதான் புருஷனைப் பற்றி அவளுக்கு இருந்த கணக்கு. அவன் பெயரை அன்றிலிருந்து அவள் வாயில் வைத்ததில்லை.

திரையில் முதலில் எல்லாருக்கும் தெரிந்த அந்த வீடியோ ஓடியது. புதிதாகச் சுத்தம் செய்த படம். பளிச்சென்று இருந்தது.

இளம்வயதுப் பெரியவர் பாடிக்கொண்டே தெருவில் நடந்து வருகிறார். அவரைச் சுற்றி உலகமே பின்னால் போகிறது. தரையில் சிந்திய பால் மேலெழுந்து பாத்திரத்துக்குள் ஏறுகிறது. உடைந்த கண்ணாடி கூடி ஒட்டிக்கொள்கிறது. புறாக்கள் வாலை முன்னால் விட்டுப் பறக்கின்றன. அவர் மட்டும் நேராக வருகிறார், வார்த்தை பிசகாமல் பாடுகிறார்.

ரகசியம் ரசிகர்கள் எல்லாருக்கும் தெரியும். படம் பிடிக்கும்போது அவர் பின்னால் நடந்தார். பாட்டையும் தலைகீழாகப் பாடினார். பிறகு சுருளைத் திருப்பி ஓட்டினார்கள். ஒலிநாடாவைத் தலைகீழாக ஓடவிட்டு, காதில் விழுந்த அர்த்தமில்லாத ஓசைகளை எழுத்தெழுத்தாகப் பிரித்து அண்ணனுக்கு மனப்பாடம் செய்துவைத்தவள் உதட்டம்மா. அந்தக் காதுக்காகத்தான் டப்பிங் அரங்கத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது.

கடைசிக் காட்சி பாலம். ஆற்றிலிருந்து இடி மேலே பறந்து வருகிறான். முகம் அண்ணனைப் பார்த்தபடி, கைகள் நீண்டபடி, அப்படியே எழும்பிவந்து பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் நிற்கிறான். அண்ணனின் கை அவன் கையைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் படம் உறைகிறது. அந்தக் காட்சியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாத ரசிகன் கிடையாது.

"இங்கதான் சார்" என்றான் துணுக்கு. "கடைசியில டிரம்மர் வாய் அசையுது. வாயைத் திறக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் உத்தரவு. திருப்பினா அசிங்கமாத் தெரியும்னு. அப்புறம் ஏன் திறந்தாரு? காதலி பேரைச் சொன்னாருன்னு ஒரு கட்சி. பாட்டோட அடுத்த வரின்னு ஒரு கட்சி. பழைய டேப்புல முகம் பிசைஞ்ச மாவு மாதிரி இருக்கும், திருப்பிப் போட்டுப் பாத்தாலும் ஒண்ணும் புரியாது. இப்ப மூலச் சுருளே கையில இருக்கு. மேடமும் இருக்காங்க. இன்னிக்கு விழாவுல இதைச் சொன்னா..."

"அவன் தானாத்தான் குதிச்சான். நாங்க 'ரெடி'ன்னு சொல்றதுக்கு முன்னாடியே" என்றார் பெரியவர். "அவசரக்குடுக்கை. அவ்வளவுதான் விஷயம்."

உதட்டம்மா தலையாட்டினாள். பத்திரிகைக்காரர், உறவுக்காரர், போதையில் விழுந்தான் என்று வம்பளந்த எவனோ ஒருவன் என்று யார் கேட்டாலும் அவள் சொல்லிவந்ததும் இதுதான். எங்கள் இடி துணிச்சல்காரன், தானாகக் குதித்தான், குடிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அந்தக் காட்சியை எடுக்கும்போதுதான் இடி செத்தான். அன்று அவள் ஆற்றங்கரையில் ஒலிநாடாப் பெட்டியோடு நின்றிருந்தாள். தலைகீழ்ப் பாட்டு காதைப் பிளந்துகொண்டிருந்தது. அவளுக்குத் தெரிந்தது, விழுகிற தம்பி மட்டும். மேலே நடந்ததை அண்ணன் சொன்னார். அண்ணன் சொன்னால் அது நடந்ததுதான்.

"மூலத்தைப் போடுங்க" என்றாள் மகள்.

துணுக்கு போட்டான்.

திருப்பாத படம். சத்தமில்லை. கைப்பிடிச் சுவரில் இடி ஆற்றுக்கு முதுகு காட்டி நிற்கிறான். வீடியோவில் இல்லாத பகுதி இது. கை தொடுவதோடு முடிந்தால்தான் கவிதை என்று சொல்லி, தனியாக உட்கார்ந்து பெரியவரே வெட்டியெடுத்த பகுதி.

இடி அண்ணனின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான். அவன் வாய் அசைகிறது. விடாமல் அசைகிறது. அண்ணனின் பக்கவாட்டு முகம் திரைக்குள் வருகிறது. அவரும் ஏதோ சொல்கிறார். பிறகு அவருடைய இன்னொரு கை வந்து, தம்பியின் விரல்களைப் பிரிக்கிறது. ஒவ்வொன்றாக. ஒட்டிய பிசினைப் பிரிக்கிற மாதிரி, பொறுமையாக. கடைசி விரல் பிரிந்ததும் இரண்டு கைகளும் ஒன்றையொன்று உரசி விலகுகின்றன.

அந்த உரசலைத்தான் இத்தனை வருஷமாக ஊர் சுவரில் மாட்டி வைத்திருந்தது.

இடி பின்பக்கமாக விழுந்தான். திரை வெள்ளையாயிற்று.

துணுக்கின் கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றது. இதைத் தனியாக எத்தனையோ தடவை திருப்பி ஓட்டித்தான் பார்த்திருக்கிறான், பாவம். திருப்பினால் அண்ணன் தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் மணிக்கட்டில் பதித்துவைப்பதாகத்தான் தெரியும். நேராக ஓட்டிப் பார்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை.

"அத்தை." மகளின் குரல் கீழே இறங்கியிருந்தது. "அப்பா என்ன சொல்றாரு?"

உதட்டம்மா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதல் அசைவிலேயே அவள் படித்துவிட்டாள்.

"தெளிவா இல்ல" என்றாள்.

"உங்களுக்கா?"

"அவதான் சொல்லிட்டா இல்ல? போதும்." பெரியவர் எழுந்தார். "இந்த மாதிரி வெட்டிப்போட்ட துண்டெல்லாம் குப்பை. எதை எடுத்தோம் எதை விட்டோம்னு அப்புறம் அலசிக்கிட்டு இருந்தா ஒரு பய வேலை செய்ய முடியாது. ஏம்மா, கொஞ்சம் வா" என்று தங்கையைக் கூப்பிட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் உட்காரும் அறை, அன்று காலி. இருவரும் உள்ளே போனார்கள். கதவைச் சாத்தினால் உள்ளே கொலையே நடந்தாலும் வெளியே கேட்காது. கண்ணாடி வழியே தாயும் மகளும் தெரிந்தார்கள். மகள் எழுந்து நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிச்சம் போயிட்டிருந்துச்சு" என்றார் பெரியவர். "கேமராவுல இருந்தது கடைசிச் சுருள். முந்தின நாள் அதே இடத்துல சிரிச்சுக்கிட்டே குதிச்சவன்தானே? அன்னிக்கு மட்டும் என்ன பிகு?"

"முந்தின நாள் தண்ணி இருந்துச்சுண்ணே."

"மேல அணையை மூடினது எனக்கெப்படித் தெரியும்?"

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. உன்கிட்ட சொல்லியிருக்கான்."

பெரியவர் கோட்டின் கீழ்ப்பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"எத்தனை தடவை அதே இடத்துல நின்னுட்டு, பயமா இருக்குண்ணேன்னு விளையாட்டு காட்டியிருக்கான் தெரியுமா? எது நெஜம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" அவர் குரலில் கோபம்தான் இருந்தது. "சரி விடு. நம்ம வீட்டுக்குன்னு ஒரு பேர் இருக்கு. அதை இவ்வளவு நாள் கட்டிக் காப்பாத்தினவ நீ. நான்கூட இல்ல. ஒருத்தன் ஒரு சொல் தப்பாப் பேச விட்டியா நீ? இப்ப அந்தப் பொண்ணுகிட்ட 'தெரியல'ன்னு ஒரு வார்த்தை. அவளுக்கும் நல்லது. பெரியப்பன் முகத்துல முழிக்கணும் இல்ல?"

"அவ அம்மாவுக்கு?"

"அது பாட்டுக்குப் பழகிடுச்சு. விடு."

பழகிவிட்டது. உதட்டம்மா அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை மென்றாள். புருஷன் தன்னை வேண்டாமென்று உதறிவிட்டுப் போனான் என்று நம்பி, ஒரு பெண்பிள்ளை வாழ்க்கையையே ஓட்டியிருக்கிறாள். அதற்குப் பழகியது என்று பெயர்.

"வீட்டுப் பேருக்காகத்தான் இவ்வளவு நாளும் பேசினேன்" என்றாள். "தம்பியும் அந்த வீட்டுப் பிள்ளைதானே, அண்ணே?"

"இப்ப என்ன செய்யப்போற?"

"என் வேலையை."

அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராக மைக்கின் முன்னால் போய் நின்றாள். அதன் உயரத்தைக் குறைத்தாள். காதொலிப்பானை மாட்டினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். தினமும் காலையில் எப்படிச் செய்வாளோ அப்படியே.

"தம்பி, அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடு."

துணுக்கு பெரியவரைப் பார்த்தான். பிறகு உதட்டம்மாவைப் பார்த்தான். "பதிவும் பண்ணணுமா மேடம்?"

பெரியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏய்" என்றார். அவ்வளவுதான் வந்தது.

"பண்ணு" என்றாள் உதட்டம்மா.

முதல் தடவை வெறுமே பார்த்தாள். அடுத்த தடவை மூச்செடுக்கும் இடங்களை விரலால் தொடையில் தட்டிக்கொண்டாள். பிறகு சிவப்பு விளக்கு எரிந்தது.

ஆண்குரலுக்கு மாற்றவில்லை அவள். வயதான தன் குரலிலேயே பேசினாள். ஆனால் திரையில் இடி வாய் திறந்தபோது திறந்தாள், மூடியபோது மூடினாள். ஒரு மயிரிழை பிசகவில்லை. கேட்டவர்களுக்கு, அந்த இளைஞனின் வாயிலிருந்தே குரல் வருவதுபோல இருந்தது.

"அண்ணே, தண்ணி இறங்கிடுச்சுண்ணே. கல்லு தெரியுது. குனிஞ்சு பாரு."

அண்ணனின் உதடுகள் அசைந்தன. அந்த இடத்தில் உதட்டம்மா சும்மா நின்றாள்.

"பயமெல்லாம் இல்ல. நாளைக்கு எடுப்போம். நாளைக்கு நீ சொல்லாமலே குதிக்கிறேன்."

மறுபடி அண்ணனின் உதடுகள். மறுபடி அவள் மௌனம்.

"அவளுக்கு இன்னும் வாந்தி நிக்கலண்ணே. மருந்து வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். விளையாடல, சத்தியமா விளையாடல. விடாதண்ணே. கையை விடாத. விடா..."

கடைசி அசைவில் வாய் மூடவே இல்லை. அவளும் மூடாமல் நிறுத்தினாள்.

விளக்கு அணைந்தது.

இடியின் மனைவி எழுந்து திரைப்பக்கம் இரண்டடி வைத்தாள். கைப்பை கீழே விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

"சொன்னாரு" என்றாள். யாரிடம் என்று தெரியவில்லை. "வாசல்ல நின்னு சொன்னாரு. மருந்து வாங்கிட்டு வரேன், கதவைச் சாத்திக்கன்னு. எனக்கு அது மறந்தேபோச்சு. கோவத்துல எல்லாமே மறந்துபோச்சு." பிறகு உதட்டம்மாவைப் பார்த்தாள். "நான் அவரைத் திட்டாத நாள் இல்ல, அண்ணி."

உதட்டம்மா காதொலிப்பானைக் கழற்றி மைக்கில் மாட்டினாள். போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை இவள் கையைத் திருப்பிப் பிடிக்கவில்லை. அது நியாயம்தான் என்று உதட்டம்மாவுக்குத் தோன்றியது. துணிச்சல்காரன், தானாகக் குதித்தான் என்று இந்தப் பெண்ணின் காதுபடத்தான் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

மகள் அழவில்லை. மைக்கிலிருந்து காதொலிப்பானை எடுத்துக்கொண்டு பெரியவரிடம் போனாள். வண்டியை நிறுத்தத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறவளைப்போல, அவருக்கு ஒரு முழம் முன்னால், சரியாக நின்றாள்.

"பெரியப்பா, நடுவுல உங்க வசனம் ரெண்டு இடத்துல பாக்கி இருக்கு. வந்து பேசுங்க."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் முதல்முதலாக அவர் முதுகு நாற்காலியில் பட்டது.

"அண்ணன் என்ன சொன்னாருன்னு மேடத்துக்குத் தெரியும் இல்ல?" என்று துணுக்கு மெல்லக் கேட்டான்.

"தெரியும்."

"அதையும் நீங்களே..."

"அது என் வாயால வராது" என்றாள் உதட்டம்மா. "பேசினவர் உயிரோட இருக்கார். அவர் பேசட்டும்."

மகள் காதொலிப்பானை நீட்டியபடியே நின்றாள். திரையில் அந்தத் துண்டு நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டே இருந்தது. இடி பிடித்தான், விரல்கள் பிரிந்தன, விழுந்தான். பிடித்தான், பிரிந்தன, விழுந்தான். பெரியவரின் உதடு லேசாக அசைந்தது. அதை உதட்டம்மா பார்த்தாள். அசைந்தது திரையில் இருந்த வசனம் அல்ல. தலைகீழ்ப் பாட்டின் முதல் வரி. விழாவுக்காக மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

பதிவான ஒலி துணுக்கின் பெட்டிக்குள் இருந்தது. அதை என்ன செய்வது என்று அவன் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

அன்று அரங்கத்தில் பெரியவருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது, கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போனார்கள், அதனால்தான் அவரால் ஒரு வார்த்தையும் பேச முடியாமல்போயிற்று, விழாவும் நின்றது என்று உறவுக்குள் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். அவருக்கு எங்கேயும் வலிக்கவில்லை. தானே எழுந்தார், தானே நடந்தார், வாசலில் குனிந்து தன் ஷூக் கயிற்றைத் தானே கட்டிக்கொண்டார். ஆறு மணிக்கு மேடை ஏறினார். பாடினார்.